முடிவைப் பார்க்காத பார்வையாளர்கள்

நகரத்துக் குற்றவுலகைக் காட்டும் படம் ஒன்று வெளியாகும்போதெல்லாம், இது இளைஞர்களைக் கெடுத்துவிடும் என்று ஒரு தரப்பும், படம் பார்த்து எவனும் கத்தியைத் தூக்குவதில்லை என்று இன்னொரு தரப்பும் வரிந்துகட்டிக்கொண்டு நிற்கின்றன. இரு தரப்பினரும் படத்தை முழுமையாகப் பார்த்தவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறார்கள். ஆனால், இப்படங்களின் மீது பெரும் பற்றுக் கொண்டிருக்கும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளில் பலர் அவற்றை முழுமையாகப் பார்த்ததே இல்லை என்பது என் எண்ணம். அவர்களுக்கு வந்து சேர்வது முன்னோட்டமும், பாடலும், அரை நிமிடத் துண்டுகளும்தான். ஆகவே படம் என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன், படத்திலிருந்து எதை வெட்டியெடுத்து அவர்களிடம் விற்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

இப்படங்கள் ஏன் அந்த வயதை இவ்வளவு எளிதில் பிடித்துக்கொள்கின்றன? ரத்தம் காரணம் என்று நான் நம்பவில்லை. பதினாறு வயதில் ஒருவனுக்கு மிகக் குறைவாகக் கிடைப்பது மரியாதை. வீட்டிலும் பள்ளியிலும் அவன் பேச்சை யாரும் பொருட்படுத்துவதில்லை. திரையிலோ, அவனைப் போன்றே உடை உடுத்தி, அவனைப் போன்றே பேசும் ஒருவன் தெருவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் வழிவிட்டு நிற்கிறார்கள். அந்த ஒரு காட்சி போதும். அதற்கு முன்னும் பின்னும் வரும் துப்பாக்கிகளெல்லாம் அந்த மரியாதைக்குக் கொடுக்கப்படும் விலையாக மட்டுமே அவனுக்குத் தெரிகின்றன, அந்த வயதில் விலையை யாரும் பெரிதாக எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

இதை நம்பவைக்கத் தேவையான கலைத்திறன் இவ்வகைப் படங்களில் நிறையவே இருக்கிறது. 2002-இல் வெளிவந்த பிரேசில் நாட்டுப் படமான 'சிட்டி ஆஃப் காட்', ரியோ நகரத்தின் குடிசைப்பகுதிகளைச் சேர்ந்த, நடிப்பனுபவம் இல்லாத பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கில் பயிற்சியளித்து, பல வசனங்களை அவர்கள் வாயாலேயே உருவாக்கவைத்து எடுக்கப்பட்டது. கையில் ஏந்திய கேமராவின் அசைவும், அந்த முகங்களின் உண்மைத்தன்மையும் சேர்ந்து, நாமும் அந்தச் சந்துக்குள் ஓடுவதைப் போன்ற உணர்வைத் தந்துவிடுகின்றன. அதே படத்தில், கடைகளில் திருடிய இரண்டு சிறுவர்களைச் சுவரோரம் நிறுத்தி, கையில் சுடவேண்டுமா, காலில் சுடவேண்டுமா என்று கேட்கும் காட்சி ஒன்று வருகிறது. அவர்களில் சிறியவன் தேம்பி அழுகிறான். இன்னொரு சிறுவன் கையில் துப்பாக்கியைத் திணித்து, இருவரில் ஒருவனைக் கொல்லச் சொல்கிறார்கள். அதிகாரத்தின் மீதான கவர்ச்சி அத்தனையும் அந்த அழுகையில் கரைந்துவிடும். படத்தை உட்கார்ந்து பார்த்த எவராலும் அந்தக் குழந்தையின் முகத்தை மறக்க முடியாது. ஆனால் எந்த முன்னோட்டத்திலும் அப்படியொரு காட்சிக்கு இடம் கிடைக்காது. முன்னோட்டத்துக்கு வேண்டியது எழுச்சி மட்டுமே.

எழுச்சியை விற்று, வீழ்ச்சியைக் காட்டித் தப்பித்துக்கொள்வது இன்று தொடங்கிய வழக்கம் அன்று. 1932-இல் வெளிவந்த 'ஸ்கார்ஃபேஸ்' படத்துக்குத் தணிக்கையாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தபோது, 'தேசத்தின் அவமானம்' என்ற துணைத்தலைப்பு சேர்க்கப்பட்டது. நாயகன் தூக்கிலிடப்படுவதாக மாற்று முடிவு ஒன்றும் படமாக்கப்பட்டது. திரையில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று வகுத்து, 1934 முதல் ஹாலிவுட்டில் கறாராக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு நெறிமுறையின்படி, குற்றவாளி இறுதியில் தண்டனை பெற்றே தீர வேண்டியிருந்தது. கடைசிப் பத்து நிமிடங்களில் அறம் காப்பாற்றப்பட்டால், அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் எவ்வளவு பளபளப்பும் அனுமதிக்கப்பட்டது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன். இளம் பார்வையாளர் வாழ்வது அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்.

விற்பவர்களுக்கு இது தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1992-இல் ராப் பாடகர் டூபாக் ஷகூர் நடித்த 'ஜூஸ்' படம் வெளியானபோது, அவர் கையிலிருந்த துப்பாக்கியை விளம்பரச் சுவரொட்டியிலிருந்து ஸ்டுடியோவே அழித்தது. ஒரு சுவரொட்டி யாரிடம் எப்படிப் பேசும் என்ற கணக்கு அவர்களிடம் துல்லியமாகவே இருந்திருக்கிறது. அதைவிட வெளிப்படையான சான்று 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. கொலம்பைன் பள்ளிப் படுகொலைக்குப் பின் அதிபர் கிளின்டன் கேட்டுக்கொண்டதன் பேரில், நுகர்வோர் நலனைக் காக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் திரைப்பட நிறுவனங்களின் விளம்பரத் திட்டங்களை ஆராய்ந்தது. வன்முறைக்காக 'ஆர்' சான்றிதழ் பெற்ற 44 படங்களை எடுத்துப் பார்த்ததில், 35 படங்கள் பதினேழு வயதுக்கும் குறைந்தவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யப்பட்டிருந்தன. 28 படங்களின் திட்ட ஆவணங்களில் அது எழுத்திலேயே இருந்தது. அவை குற்றப் படங்கள் மட்டுமல்ல, எல்லா வகை வன்முறைப் படங்களும் அதில் அடங்கும். ஆயினும், எந்த வயதினர் பெரியவர் துணையின்றி அரங்குக்குள் வரக்கூடாது என்று சான்றிதழ் சொன்னதோ, அந்த வயதினர் பார்க்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு நடுவிலேயே விளம்பரத்தை வைத்தவர்கள் இவர்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட கோபம் இன்றும் தணியவில்லை.

அந்த வயதினரை ஏன் இவ்வளவு விரும்புகிறார்கள் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. அவர்கள் முதல் மூன்று நாட்களிலேயே வருகிறார்கள், கூட்டமாக வருகிறார்கள், பிடித்துவிட்டால் மீண்டும் வருகிறார்கள். கூட்டமாக வருவதில் இன்னொன்றும் இருக்கிறது. உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005-இல் வெளியிட்ட சோதனையில், கணினியில் கார் ஓட்டும் விளையாட்டைத் தனியாக ஆடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் உடனிருந்தபோது பதின்பருவத்தினர் வெகு துணிச்சலான முடிவுகளை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. நண்பர்களின் விசிலுக்கு நடுவே ஒரு காட்சியைப் பார்ப்பதும், தனியே அமர்ந்து பார்ப்பதும் அந்த வயதில் ஒன்றாக இருக்க முடியாது.

என் அக்கா மகன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். அதே பெயரில் 1983-இல் மீண்டும் எடுக்கப்பட்ட 'ஸ்கார்ஃபேஸ்' படத்தின் வசனங்களை ஏற்ற இறக்கத்தோடு சொல்வான். நாற்காலியில் சாய்ந்து அமரும் விதம்கூட அப்படியே இருக்கும். படத்தின் நாயகன் டோனி மொன்டானாவின் தங்கைக்கு என்ன ஆகிறது என்று கேட்டேன். தங்கை ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. அவன் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவனுடைய கைபேசிக்கு வந்த துண்டுகளில் அவள் இல்லை, அவ்வளவுதான். இத்தாலியப் படமான 'கொமோரா' (2008) இந்த நோயை நேருக்கு நேர் காட்டியது. அதில் இரண்டு இளைஞர்கள் தங்களை டோனி மொன்டானாவாகவே எண்ணிக்கொண்டு, பாழடைந்த மாளிகைக்குள் கற்பனைத் துப்பாக்கியால் சுட்டு விளையாடுகிறார்கள். பின்னர் கிடைத்த உண்மையான துப்பாக்கிகளோடு, உள்ளாடை மட்டும் அணிந்து கடற்கரையில் வெறிகொண்டு சுடுகிறார்கள். இறுதியில் அவர்களின் உடல்கள் மண்வாரி இயந்திரத்தின் வாளியில் அள்ளிச் செல்லப்படுகின்றன. இணையத்தில் அதிகம் சுற்றுவது கடற்கரைக் காட்சி.

இவ்வளவு சொன்னாலும், இப்படங்களைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தடையின் சுமை எப்போதும் தவறான தோளில்தான் விழுகிறது. 2019 நவம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் திரையரங்க வளாகம் ஒன்றில் நடந்த கைகலப்பைக் காரணம் காட்டி, லண்டன் இளைஞர் குழுக்களின் பகையைச் சொல்லும் 'புளூ ஸ்டோரி' படத்தை ஒரு பெரிய திரையரங்கக் குழுமம் தன் அரங்குகள் அனைத்திலிருந்தும் நீக்கியது; கடும் எதிர்ப்புக்குப் பின் சில நாட்களில் மீண்டும் திரையிட்டது. அந்தப் பகையால் நட்பு எப்படி அழிகிறது என்று எச்சரிக்கும் படம் அது. எச்சரிக்கையை அரங்கிலிருந்து அகற்றுவது எளிதாக இருந்தது.

என் கோரிக்கை சிறியது. படத்துக்கு வயதுச் சான்றிதழ் தருவதைப் போலவே, தயாரிப்பு நிறுவனங்கள் தங்கள் அதிகாரபூர்வக் கணக்குகளில் வெளியிடும் ஒவ்வொரு துண்டுக்கும் அதே வயது வரம்பு பொருந்த வேண்டும். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான படத்தின் காட்சி பதின்மூன்று வயதுப் பிள்ளையின் திரையில் தானாகவே வந்து விழுமானால், அதற்கு அந்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். ரசிகர்கள் வெட்டிப் பகிர்வதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. அங்கே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வேலை இருக்கிறது: வயது வந்த பிள்ளைகளோடு சேர்ந்து அமர்ந்து, அந்தப் படங்களின் கடைசி அரை மணி நேரத்தைப் பார்க்கலாம். அக்கா மகனோடு 'கொமோரா'வைப் பார்ப்பதற்கு அவனுக்குப் பதினெட்டு நிறையும்வரை காத்திருக்கிறேன். அதுவரை, அந்தத் தங்கையைப் பற்றி மீண்டும் மீண்டும் அவனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.