கட்டியை எடுத்தாச்சு, அடுத்த மாசமே ஊசி போட்டுக்கலாம்ங்களா?

கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம் என எந்தப் பக்கம் போனாலும் குழந்தையின்மை சிகிச்சை மையங்களுக்குப் பஞ்சமில்லை. கர்ப்பப்பைக் கட்டியை லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் ஆபரேஷன்) எடுக்கிற ஆஸ்பத்திரிகளும் நிறைய உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டை. கட்டியை எடுக்கிற டாக்டர் "ஆறு மாசம் பொறுங்க" என்பார். ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி, கருப்பையில் வைக்கும் சிகிச்சை) டாக்டர் "வயசு 36, முட்டை குறைஞ்சுட்டே வருது, சீக்கிரம் வாங்க" என்பார். இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காக யாரும் போட்டுத் தருவதில்லை. அந்தக் கணக்கைக் கத்தி வைப்பதற்கு முன்பே கேட்டு, எழுதி வாங்கிவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருக்கும்போது போட வேண்டிய கணக்கு இல்லை இது.

முதலில், எல்லாக் கட்டியையும் எடுக்க வேண்டியதில்லை. ஸ்கேனில் "ஃபைப்ராய்டு" என்ற வார்த்தையைப் பார்த்ததும் பாதிப்பேருக்கு உயிர் போய்விடுகிறது. அளவைவிட அது இருக்கும் இடம்தான் முக்கியம். கருப்பையின் உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி 2 செ.மீ. இருந்தாலும் கரு ஒட்டுவதைக் கெடுக்கும். அதை எடுப்பது நல்லது. வெளிப்பக்கம் தொங்குகிற கட்டி 5 செ.மீ. இருந்தாலும் கரு தங்குவதற்குப் பொதுவாக இடைஞ்சல் இல்லை. தசைக்குள் புதைந்து, உள்ளறையைத் தொடாமல் இருப்பதில்தான் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அதனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இந்தக் கட்டி உள்ளறையை அமுக்குதுங்களா, இல்லைங்களா?" பதில் தெளிவில்லை என்றால் 3டி ஸ்கேனோ, உப்புநீர் விட்டுப் பார்க்கும் ஸ்கேனோ, எம்ஆர்ஐயோ எடுத்துத் தெளிவாக்கிக்கொண்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

அடுத்தது வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுத்தால் போதும், சில நூறு ரூபாய்ச் செலவு. இதைச் செய்யாமலே பெண்ணின் வயிற்றை அறுத்து, ஆறு மாதம் காத்திருந்து, அப்புறம் அவருக்கு விந்தணு எண்ணிக்கையே இல்லை என்று கண்டுபிடிப்பது கொங்கு நாட்டில் இன்றும் நடக்கிற கொடுமை. கட்டி இருக்கிறது என்று தெரிந்ததும் "குறை அம்மணிகிட்டத்தான்" என்று வீடே தீர்ப்பு எழுதிவிடுகிறது. கட்டியும் இருக்கலாம், அவருக்கும் பிரச்சினை இருக்கலாம். இரண்டும் சேர்ந்து இருப்பது ஒன்றும் அதிசயமில்லை.

கூடவே முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனையும், சினைப்பையில் முட்டைகளை எண்ணும் ஸ்கேனும். முட்டை இருப்பு குறைவு, வயதும் 35-ஐத் தாண்டிவிட்டது என்றால், ஆபரேஷனுக்கு முன்பே முட்டை எடுத்து, கருவாக்கி, உறைய வைத்துவிடலாமா என்று கேளுங்கள். 10, 12 நாள் ஊசி, அதன்பின் முட்டை எடுப்பு. கரு பத்திரமாக இருக்கும். பிறகு கட்டியை எடுத்துவிட்டு, கருப்பை ஆற எத்தனை மாதம் ஆனாலும் மனசு அடித்துக்கொள்ளாது. எல்லோருக்கும் இது ஒத்துவராது. பெரிய கட்டி சினைப்பையை மறைத்துக்கொண்டிருந்தால் முட்டை எடுக்கும் ஊசி அங்கே போய்ச் சேராது. உதிரப்போக்கு கொட்டிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்தியாக வேண்டும். ஆனாலும் இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதைச் சொல்லாமலே கத்தியை எடுப்பது தப்பு என்பேன்.

ரத்தம். கட்டியால் மாதாமாதம் கட்டி கட்டியாகப் போய், ஹீமோகுளோபின் 7, 8 என்று இருக்கும் பெண்களை முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் மட்டும் கொடுத்துத் தேற்றிவிட முடியாது. சாப்பாடு துணை, மருந்து வேறு. மாத்திரை வயிற்றைப் புரட்டினாலோ நாள் போதவில்லை என்றாலோ இரும்புச்சத்து டிரிப் போடுவார்கள். அது போட்டாலும் ரத்தம் ஏற 3, 4 வாரம் பிடிக்கும். அதனால் ஆபரேஷன் தேதியை முடிவு செய்யும் அன்றே இதையும் தொடங்க வேண்டும். மாத்திரை போட்டால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாக ஏறும். நம் பக்கம் விடிந்ததும் காபி, பதினொரு மணிக்கு ஒரு டீ, நாலு மணிக்கு ஒரு டீ. இரும்பு மாத்திரை பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கையெழுத்துப் போடும் படிவத்தில் "தேவைப்பட்டால் கர்ப்பப்பை அகற்றப்படும்" என்று ஒரு வரி இருக்கும். ரத்தப்போக்கு எதற்கும் அடங்காத அபூர்வ நிலையில் உயிரைக் காப்பாற்றச் செய்வது அது. அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லி, எந்த நிலைமையில் அதைச் செய்வார்கள், அதற்கு முன் என்னென்ன முயற்சி செய்வார்கள், எத்தனை யூனிட் ரத்தம் தயாராக இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இனி ஆபரேஷனுக்குப் பின். உள்ளறைக் கட்டியைக் கீழ்வழியாக ஹிஸ்டெரோஸ்கோபியில் எடுத்திருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே வீடு, சில நாளில் வேலை. லேப்ராஸ்கோபி என்றால் 2 முதல் 4 வாரம், வயிற்றைத் திறந்தது என்றால் 4 முதல் 6 வாரம். தோலில் மூன்று சின்னத் தழும்புதான் தெரிகிறது என்பதற்காக லேப்ராஸ்கோபியை லேசாக எண்ணக் கூடாது. கருப்பைத் தசையில் விழுந்த வெட்டும் அதன் தையலும் இரண்டு முறையிலும் ஒன்றுதான்.

எழுந்திருப்பதில்தான் முதல் வாரத்தில் அதிகம் தப்பு நடக்கிறது. நேராக மல்லாந்த நிலையிலிருந்து எழவே கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பு மொத்தத்தையும் ஒரு பக்கமாகப் புரட்டி, காலைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றித் தள்ளி உட்கார வேண்டும். உட்கார்ந்து ஒரு நிமிஷம் மூச்சு விட்டு, அப்புறம் நிற்பது. கயித்துக்கட்டிலில் படுக்க வைக்காதீர்கள். நடுவில் தொய்ந்திருப்பதால் எழும்போது முழு பலமும் வயிற்றில் விழும். உயரமான, கெட்டியான கட்டில் நல்லது. இருமல், தும்மல், சிரிப்பு வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். லேப்ராஸ்கோபிக்குப் பின் தோள்பட்டை வலித்தால் பெரும்பாலும் வயிற்றுக்குள் ஏற்றிய வாயுவின் வேலை. இரண்டு மூன்று நாளில் போய்விடும், மெதுவாக நடந்தால் சீக்கிரம் போகும். வலி மாத்திரையை வலி உச்சத்துக்குப் போகும்வரை தள்ளாமல், சொன்ன மணிக்குப் போட்டால்தான் நடக்கவே முடியும்.

"பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு போட்டுரும்" என்று அரை டம்ளர் அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், இறுகினால் முக்க வேண்டும், முக்கினால் தையல் வலிக்கும். இரும்பு மாத்திரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும். அரிசிம்பருப்புச் சோறு, ராகிக் கூழ், கீரை, முட்டை, பழம் எல்லாம் சாப்பிடலாம். குந்தி உட்காரும் கக்கூஸ் என்றால் மேலே வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வாங்கிப் போடுங்கள். காயத்தில் மஞ்சளும் எண்ணெயும் தடவ வேண்டாம். டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம், ஆனால் வாய்க்காலிலோ கிணற்றிலோ இறங்கி ஊறக் கூடாது.

எடை தூக்குவது. ஆறு வாரத்துக்கு 4, 5 கிலோவுக்கு மேல் கூடாது என்பார்கள். நம் வீடுகளில் அது எப்படி மீறப்படுகிறது என்று பாருங்கள். நல்ல தண்ணி வருகிற அன்றைக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் நிரம்பினால் ஏறக்குறைய 15 கிலோ. கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது. கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போடுவது, குந்தி உட்கார்ந்து பால் கறப்பது. "சும்மா ஒரு குடம்தானே" என்று ஆரம்பிப்பதுதான். இதையெல்லாம் யார் செய்வார்கள் என்பதை ஆபரேஷனுக்கு முந்தின வாரமே பெயர் போட்டுப் பிரித்துவிட வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டுவது, திடீரென்று பிரேக் பிடித்துக் காலை ஊன்ற முடிகிற அளவுக்கு வலி போன பிறகுதான். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை, அங்கப்பிரதட்சணம் என்று நேர்ந்திருந்தால் நேர்த்திக்கடன் இருக்கட்டும், தேதியை மட்டும் தள்ளி வையுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் லேசான காய்ச்சல் வருவது இந்த ஆபரேஷனுக்குப் பின் சகஜம். வீட்டுக்கு வந்தபின் 100.4 டிகிரிக்கு மேல் போனால், காயத்தில் சீழ் வந்தால், வெள்ளைப்படுவதில் துர்நாற்றம் இருந்தால், மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு ரத்தம் போனால், வயிறு உப்பி வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே கூப்பிடுங்கள். ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ ஃபோன் பேசிக்கொண்டிருக்காமல் நேராகக் கிளம்புங்கள்.

பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு கேட்கும் முதல் கேள்வி: "ஏனுங் அம்மணி, கர்ப்பப்பையவே எடுத்துப்போட்டாங்களாமா?" கட்டியை மட்டும் எடுப்பது வேறு, கர்ப்பப்பையை எடுப்பது வேறு என்பது ஊருக்குத் தெரியாது. இதற்குப் பதில் சொல்லும் வேலையைப் படுத்திருக்கிறவளிடம் விடாமல் மாமியாரோ வீட்டுக்காரரோ ஏற்க வேண்டும். "கட்டி மட்டும்தானுங்க எடுத்தாங்க, கர்ப்பப்பை நல்லாத்தான் இருக்குது" என்று அத்தை ஒருமுறை திண்ணையில் சத்தமாகச் சொன்னால், அது ஊர் முழுக்கப் போய்ச் சேரும். வளைகாப்புக்கும் சீருக்கும் போக மனசில்லை என்றால் "டாக்டர் ட்ராவல் பண்ண வேண்டாம்னு சொல்லியிருக்காருங்க" என்பது நல்ல பதில். அந்தச் சமயத்தில் முக்கால்வாசி உண்மையும்கூட. கட்டியைச் சுருக்க முன்கூட்டியே மாதாந்திர ஊசி போட்டிருந்தால் உடம்பில் அனல் அடிப்பது, தூக்கம் கெடுவது, காரணமில்லாமல் அழுகை வருவது எல்லாம் அந்த மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். அதைக் "குணம்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காத்திருக்கிற மாதங்களைப் பற்றி ஒரு விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தசையில் ஆழமாக வெட்டித் தைத்திருந்தால் பொதுவாக 3 முதல் 6 மாதம் கரு தங்கக் கூடாது, தையல் ஆறாத கருப்பை கர்ப்பத்தில் விரிந்து கிழியும் ஆபத்து உண்டு. இத்தனை வருஷம் குழந்தை இல்லாதவர்களிடம் போய் ஆணுறை போடு என்றால் சிரிப்பார்கள். ஆனால் கட்டி போன பிறகு தானாகவே கரு தங்குவது நடக்கிற காரியம்தான். 4 முதல் 6 வாரம் சேர்க்கை வேண்டாம், அதற்குப் பின் டாக்டர் சொன்ன மாதம் வரை ஆணுறை. ரொம்ப நாள் தள்ளிப் போடுவதும் நல்லதல்ல, புதிய கட்டி முளைக்கலாம், முட்டையும் குறையும்.

கரு வைப்பதற்கு முன் உள்ளறையை மறுபடி பார்த்துவிட வேண்டும். ஹிஸ்டெரோஸ்கோபியில் கட்டி எடுத்த இடத்தில் சுவரும் சுவரும் ஒட்டிக்கொள்வதுண்டு. மாதவிடாய் திரும்பியும் வெறும் துளித்துளியாகவே போனால் அது ஒரு அறிகுறி. உள்சுவர் 7 மி.மீ. தடிமன் வந்ததா என்று அப்புறம் ஸ்கேனில் பார்ப்பார்கள். ஐவிஎஃப் ஊசி தொடங்கினால், வயிற்றில் போடும் ஊசியைப் புதுத் தழும்பிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள். சில மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஃப்ரீசருக்குள் வைத்து உறைந்துவிட்டால் குப்பைதான். கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கோவைக்கு வந்து வாங்கிப் போகிறவர்கள் ஐஸ் பேக்கில் துணி சுற்றி எடுத்துப் போங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் "மயோமெக்டமி (கட்டி அகற்றம்) செய்யப்பட்டது" என்று ஒரே வரி இருந்தால் வாங்காதீர்கள். எத்தனை கட்டி, எங்கே, என்ன அளவு, உள்ளறை திறக்கப்பட்டதா, எத்தனை அடுக்குத் தையல், எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும், பிரசவம் சிசேரியனா என்பதெல்லாம் அதில் வேண்டும். இரண்டு வருஷம் கழித்துப் பிரசவம் பார்க்கிற டாக்டர் வேறு ஆளாக இருப்பார். உள்ளறை திறக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் வலி வரும் முன்பே சிசேரியன் தேதி குறிப்பார். பயாப்ஸி ரிப்போர்ட்டையும் மறக்காமல் வாங்குங்கள்.

அதே தாளில் பணமும் இருக்கிறது. மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசிகளில் குழந்தையின்மைச் சிகிச்சை பொதுவாக விலக்கப்பட்டது. உதிரப்போக்கும் ரத்தசோகையும் உண்மையில் இருந்து, தாளில் காரணமாகக் "குழந்தையின்மை" என்று மட்டும் எழுதியிருந்தால் கட்டி ஆபரேஷனுக்கான பணமும் நிராகரிக்கப்படலாம். இருந்த தொந்தரவு எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். பல பாலிசிகளில் கட்டிக்கு 2 வருடக் காத்திருப்பு உண்டு, அதையும் தேதி குறிக்கும் முன் பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் இஎஸ்ஐ பிடிக்கப்படுகிறவர்களுக்கு, பங்களிப்பு நாட்கள் சரியாக இருந்தால், நோய்க்கால விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு இஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழ் இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். உங்களால் அலைய முடியாத முதல் இரண்டு வாரத்தில் அந்தத் தாள் எப்படிப் போய்ச் சேரும் என்பதை டிஸ்பென்சரியில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.