அவளுக்கு ஆறு வயசு, தம்பி

ரெண்டு நாளா பேசாம இருந்துடலாம்னுதான் இருந்தேன். அந்த ஆர்பிஜி குரூப்ல (ஆளுக்கொரு கேரக்டரா மாறி, டைஸ் உருட்டி, கதை சொல்லி ஆடுற கேம்தான் ஆர்பிஜி) என் போஸ்ட்டுக்குக் கீழ நடந்த கூத்தைப் பார்த்தவங்க பார்த்திருப்பீங்க. இன்பாக்ஸ்ல ஸ்கிரீன்ஷாட் அனுப்பினவங்களுக்கும் நன்றி, நான் ஏற்கெனவே மூணு தடவை படிச்சு வயிறெரிஞ்சாச்சு.

நான் யார்கிட்டயும் யோசனைகூட கேக்கல. வீட்டுல ரெண்டு பசங்களோட சூப்பர்ஹீரோ ஆர்பிஜி ஆட அமேசிங் டேல்ஸ்னு சின்னப் பசங்களுக்கான ஆர்பிஜியோட ரூலை எடுத்துக்கிட்டோம், அதுல ஒண்ணை மட்டும் எங்களுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டோம், செமையா போச்சுன்னு சந்தோஷமா எழுதினேன், அவ்ளோதான். அதுக்கு ஒரு தம்பி வந்து, சிஸ்டர் இது சூப்பர்ஹீரோ சிஸ்டமே இல்ல, ம்யூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்ங்கிற சூப்பர்ஹீரோ ஆர்பிஜி மாதிரி ஒண்ணுல ஆரம்பிச்சாதான் பசங்களுக்கு பேஸ் ஸ்ட்ராங்கா இருக்கும்ங்கிறார். பேஸாம்! ஐஐடி கோச்சிங்கா நடத்துறேன் நான்? என் சின்னவளுக்கு ஆறு வயசு.

அந்த கேம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டார் போல. 2002ல வந்த கேம், நானே வருஷக்கணக்கா ஆடியிருக்கேன், பிடிக்கும். பிடிச்சதாலதான் போன லீவுல பசங்களோட அதையே முதல்ல ட்ரை பண்ணேன். ஹீரோவோட பலத்துக்கு பவர் லெவல்னு ஒரு அளவு, அது பத்துன்னா 150 பாயிண்ட், அதைப் பிரிச்சு ஒரு ஹீரோவை செய்யணும். சின்னவ வந்து "அம்மா நான் பறக்கலாமா"ன்னு கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "இருடி, ஃப்ளைட் ஒரு ரேங்க்குக்கு ரெண்டு பாயிண்ட்." அவ மூஞ்சி போன போக்கு இருக்கே. அப்புறம் அட்டாக் போனஸும் பவர் ரேங்க்கும் சேர்ந்து பவர் லெவலோட ரெண்டு மடங்கைத் தாண்டக் கூடாதுன்னு நான் பேப்பர்ல கூட்டிக் கழிச்சு நிமிர்ந்து பார்த்தா, பெரியவன் டிவி முன்னாடி, இவ சோபாவுல தூங்கிட்டா. கேம் மேல தப்பு இல்லங்க. அது பெரியவங்க ஆடுற கேம்.

அமேசிங் டேல்ஸ்ல என்ன இருக்குன்னா ஒண்ணுமே இல்ல, அதான் அதோட அழகு. நாலு வயசுலேர்ந்து ஆடலாம்னுதான் எழுதியிருக்காங்க. பிள்ளை தன் ஹீரோவுக்கு நல்லா வர்ற நாலு விஷயத்தை வாயால சொல்லணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு டைஸ், பன்னெண்டு மூஞ்சி, பத்து, எட்டு, ஆறு. எதைப் போட்டாலும் மூணோ அதுக்கு மேலயோ விழுந்தா ஜெயிச்சாச்சு. அடி பட்டா குறையுற ஹிட் பாயிண்ட்டும் கிடையாது, சாவும் கிடையாது. இவளோட ஹீரோ பேரு பல்லி அக்கா. சுவத்துல ஏறுறது பன்னெண்டு, வாலை விட்டுட்டு ஓடுறது பத்து, பல்லி சொல்லுக்குப் பலன் சொல்றது எட்டு, இருட்டுல பயப்படாம இருக்கிறது ஆறு. கடைசி ஒண்ணை அவளேதான் ஆறுல வெச்சா, ஏன்னு நான் கேக்கல. பத்து நிமிஷத்துல ஹீரோ ரெடி. எந்த 150 பாயிண்ட்லங்க இது வரும்?

அதுல சூப்பர்ஹீரோ உலகமே கிடையாதேம்பீங்க. ஆமா, காடு, ராஜ்ஜியம், கடற்கொள்ளை, விண்வெளின்னு நாலுதான் குடுத்திருக்காங்க. அதனால என்ன? எங்க கதை வேளச்சேரியில நடக்குது, மோட்டார் மாமான்னு ஒருத்தன் அபார்ட்மெண்ட் தண்ணி மோட்டாரையெல்லாம் திருடிட்டுப் போறான். அதுக்கு எந்த புக்ல செட்டிங் இருக்கு?

மார்வெலே 2023ல ஒரு கேம் விட்டிருக்கே, அதை வாங்கலாமேன்னு இன்னொருத்தர். அதுல அடி விழுந்தா ஒரு டைஸைப் பெருக்கி அதோட இன்னொரு எண்ணையும் கூட்டணும். இவ இன்னும் கைவிரல் விட்டுத்தான் கூட்டுறா. 1984ல வந்த பழைய மார்வெல் கேமைச் சொன்ன அண்ணன் பரவால்ல, அதுல பச்சை மஞ்சள் சிவப்புன்னு கலர் பார்த்தே ரிசல்ட் தெரிஞ்சுக்கலாம், ஹீரோ யாரையாவது கொன்னா அவன் சேர்த்து வெச்ச கர்மா பாயிண்ட் மொத்தமும் காலி. நல்ல ரூல். ஆனா அந்த டேபிளைப் படிக்கணும்ல. ஆறு வயசுங்க.

அப்ப டைஸ் எதுக்கு, சும்மா கதை சொல்லிட்டுப் போங்களேன்னு கேட்டது மட்டும் நியாயமான கேள்வி. பதில் சொல்றேன். நான் "நீ கீழ விழுந்துட்ட"ன்னு சொன்னா அவ அழுவா, அம்மா சீட்டிங்ம்பா. டைஸ் சொன்னா ஒத்துக்கிறா.

இப்ப அந்த ரூல் மாத்தின சங்கதிக்கு வர்றேன், அதானே பெரிய குத்தம். ஒண்ணு விழுந்து சின்னவ முழிச்சப்போ, பக்கத்துல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டிருந்த என் மாமியார், "ஒண்ணுன்னா தாயம்டி, தாயம் விழுந்தவ எப்படி தோப்பா"ன்னாங்க. நியாயம்தானே? அன்னையிலேர்ந்து எங்க வீட்டுல ஒண்ணு விழுந்தா தாயம், ஜெயிச்சதோட இன்னொரு ஆட்டமும் உண்டு. ரெண்டு விழுந்தா மட்டும்தான் தோல்வி. இதனால "மேத்ஸ் உடைஞ்சிடுச்சு"ன்னு தம்பி கணக்கு போட்டுக் காட்டினார். பன்னெண்டுல ரெண்டா இருந்த தோல்வி ஒண்ணாச்சு, ஆறுலயும் அப்படியே. எனக்கும் கூட்டத் தெரியும் தம்பி. பிள்ளை கொஞ்சம் அதிகமா ஜெயிச்சா யார் வீட்டுச் சொத்து போகுது? தம்பிக்குப் பசங்க இருக்காங்களான்னு கேக்க மாட்டேன், கேட்டா நாகரிகமில்ல.

சரி, எனக்குச் சுட்டது சிஸ்டம் சண்டையே இல்ல. கடைசியில "மம்மி கேம்"னு ஒருத்தர் போட்டார், முப்பத்திரெண்டு பேர் சிரிச்சிருக்காங்க, அதுல நாலு பேர் நான் நடத்தின டேபிள்ல உக்காந்து ஆடினவங்க. காலேஜ்ல முதல் தடவை டேபிளுக்குப் போனப்போ "நீ ஹீலர் (அடிபட்டவங்களைக் குணப்படுத்துற கேரக்டர்) எடுத்துக்கோ, ஈஸி"ன்னு சொன்னாங்க, நோட்ஸ் எழுத வெச்சாங்க, சமோசா வாங்க அனுப்பினாங்க. போனேன், வாங்கிட்டும் வந்தேன். பதினாலு வருஷம் ஆச்சு, இன்னும் நான் ஈஸியானதைத்தான் எடுத்துக்கணும், அதை நானா எடுத்தா அதுக்கும் சிரிப்பு.

குரூப்லேர்ந்து வெளிய வந்துட்டேன், அட்மின் கூப்பிட வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் மோட்டாரை மீட்கணும். எட்டு மூஞ்சி டைஸ் ஃப்ரிட்ஜுக்கு அடியில போயிடுச்சு, அதை முதல்ல தொடப்பக்குச்சி விட்டு எடுக்கணும், இல்லேன்னா பல்லி சொல்லுக்குப் பலன் சொல்ல ஆளில்ல.