பாலம் நகர்ந்தது, சிக்னல் மாறவில்லை

ரயில் பாலத்தில் பார்ஜ் (படகு தள்ளிச் செல்லும் தட்டையான சரக்கு மிதவை) மோதியது என்று செய்தி வந்தாலே நம் ஆட்கள் கேட்பது ஒன்றுதான்: "ஓட்டினவன் தூங்கிட்டானா?" எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது.

1993 செப்டம்பர் 22, அமெரிக்காவின் அலபாமா மாநிலம், மொபீல் நகருக்கு அருகே. பின்னிரவு, எதிரே ஒன்றும் தெரியாத மூடுபனி. 6 பார்ஜ்களைத் தள்ளிக்கொண்டு வந்த படகு ஆற்றை விட்டு விலகி, பிக் பாயூ கானோ என்ற கிளைக்குள் நுழைந்துவிட்டது. ராடாரில் குறுக்கே ஒரு கோடு. வேறு பார்ஜ்கள் நிற்கின்றன, அதில் கட்டிப்போட்டுப் பனி விலகும்வரை இருக்கலாம் என்று நினைத்தார் சுக்கான் பிடித்தவர். அது ரயில் பாலம். இடித்த பிறகும், தரை தட்டிவிட்டது என்றே எண்ணினார்.

சில நிமிடங்களில் சன்செட் லிமிடெட் ரயில் முழு வேகத்தில் வந்தது. 220 பேரில் 47 பேர் இறந்துபோனார்கள். ஏசியும் கழிப்பறையும் பழுது பார்க்க, நியூ ஆர்லியன்ஸில் அரை மணி நேரம் நின்று கிளம்பிய ரயில் அது. நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் எப்போதோ பாலத்தைத் தாண்டியிருக்கும்.

எனக்கு ஆறாதது சிக்னல்தான். தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும். தண்டவாளம் உடைந்தால் அந்த ஓட்டம் அறுந்து, சிக்னலில் சிவப்பு விழும். அன்று பாலம் 3 அடி நகர்ந்தும் தண்டவாளம் வளைந்ததே தவிர உடையவில்லை. சிவப்பு விழவே இல்லை. திறந்து மூடும் பாலமாக வடிவமைத்ததை, பக்கவாட்டில் நகராதபடி சரியாகப் பிணைக்காமலே விட்டிருந்தார்கள்.

படகுக்கும் பாலத்துக்கும் நடக்கும் இந்தச் சண்டை பழசு. 1856-ல் மிசிசிப்பியின் குறுக்கே போட்ட முதல் ரயில் பாலத்தில், திறந்து 15 நாளில் எஃபி ஆஃப்டன் என்ற நீராவிக் கப்பல் மோதி எரிந்தது. கப்பல்காரர் போட்ட வழக்கில் பாலத்துக்காக வாதாடியவர் ஆபிரகாம் லிங்கன்! ஜூரிகளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இன்று அதே ஆற்றில் 15 பார்ஜ்களை ஒன்றாகக் கட்டித் தள்ளுகிறார்கள்: முந்நூறு மீட்டர் நீளம், இருபதாயிரம் டன்னுக்கு மேல் சரக்கு. நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. விக்ஸ்பர்க்கில் வளைவு முடிந்த கையோடு பாலம் வேறு. இடிக்கும் என்று தெரிந்த இடத்தில், நகர்ந்தால் ரயிலுக்குச் சொல்லும் கருவியைப் பாலத்தில் வைப்பதுதானே முறை?

மற்றபடி, மொபீலில் அன்று சுக்கான் பிடித்தவர் தூங்கவில்லை. ராடாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் படிக்க அவருக்குச் சரியாகத் தெரியாது. உரிமம் வாங்க அது தேவைப்படவும் இல்லை.