குட்டாவுக்கும் ஒரு தட்டு

என் மகளுக்கு நாலு வயதில் ‘குட்டா’ என்று ஒரு தோழன் இருந்தான். எங்கள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். இட்லி வைத்தால் அவனுக்கும் ஒரு தட்டு வேண்டும். ஆட்டோவில் ஏறினால், "தள்ளி உக்காரும்மா, குட்டா நசுங்குறான்" என்பாள். ஊரிலிருந்து வந்த பெரியம்மா பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "காத்து கருப்பு ஏதோ பட்டிருக்கு, மந்திரிச்சிட்டு வந்துடு" என்றார். நானும் பயந்துபோய், "இனி குட்டா கிட்டான்னா அடி விழும்" என்று மிரட்டினேன். அன்று ராத்திரி போர்வைக்குள்ளிருந்து கிசுகிசுவென்று சத்தம். "அம்மா தூங்கினப்புறம் வா" என்று அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்திருக்கிறார். 2004-இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 சதவீதப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. கேள்வி கேட்டவரிடமே சில பிள்ளைகள், இது சும்மா விளையாட்டுக்குத்தான் என்று நினைவூட்டினார்களாம். என் மகளுக்கும் அது தெரிந்துதான் இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை. படித்த மறுநாள் காலை நானே குட்டாவின் தட்டை எடுத்து வைத்தேன்.

சரி, வளர்ந்தவர்கள்? ‘துல்பா’ என்ற பெயரில், மாதக்கணக்கில் முயன்று மனதுக்குள் ஒரு துணையை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தின் சாமுவேல் வெய்சியர் என்ற ஆய்வாளர் அவர்களைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். தனிமையும் கூச்சமும் உள்ளவர்கள் பலர். மனம் தேறியதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அது அவர்களே சொன்னது. அதை நம்பி யாரையும் செய்து பார் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பைத்தியம் என்றும் சொல்ல மாட்டேன். கண்ணனைத் தோழனாக, சேவகனாக, காதலியாகக்கூட வைத்துப் பாரதி பாடியதை நாம் உருகித்தானே படிக்கிறோம்?

எனக்குக் கவலை வேறு இடத்தில். கூப்பிடாமலே குரல் வருகிறது, போ என்றாலும் போகாமல் திட்டுகிறது, "செத்துப் போ" என்கிறது, தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால் தயவுசெய்து மந்திரிக்கிற இடத்தில் நாளைக் கடத்தாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த ஜூன் மாதம் குட்டாவின் பேச்சு நின்றுவிட்டது. எங்கே அவன் என்று கேட்டேன்.

"அவன் வேற ஸ்கூல்ம்மா" என்றாள்.