ஜுரான்சோன் எல்லாமே டிரை இல்லை

ஜுரான்சோன் என்பது தென்மேற்கு பிரான்சின் வெள்ளை ஒயின். “ஜுரான்சோன் எதை எடுத்தாலும் டிரைதான் (இனிப்பில்லாததுதான்)” என்று சொல்வது தவறு. லேபிளில் வெறும் ‘ஜுரான்சோன்’ என்று மட்டும் இருந்தால் அது இனிப்பு ஒயின்: திராட்சையை அக்டோபர், நவம்பர் வரை கொடியிலேயே வாட விடுவதால் சர்க்கரை செறிந்து, நொதித்தபின்னும் மிஞ்சிவிடும். டிரை வேண்டுமென்றால் ‘ஜுரான்சோன் செக்’ என்று இருக்க வேண்டும். அது பெரும்பாலும் குரோ மான்சாங் வகைத் திராட்சை, முன்னதாகவே பறிப்பது. பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான போர்தோவிலும் லேபிளில் இதே பொறிதான்: வெள்ளை ‘கிராவ்’ டிரை, ‘கிராவ் சுப்பீரியர்’ இனிப்பு. ‘சுப்பீரியர்’ என்றால் உயர்தர டிரை என்று நம்பி வாங்கிவிடாதீர்கள்.

அன்றாடத்துக்கு டிரை ஒயின் விலை குறைவாக வேண்டுமானால் தென்மேற்கு பிரான்சின் கஸ்கோன் பகுதியின் ‘கோட் து கஸ்கோஞ்’ பாருங்கள். கொலோம்பார், உனி பிளாங் திராட்சைகள் கலந்தது நல்லது. அங்கேயும் ‘முவல்லே’ என்று இருந்தால் இனிப்பு, வாங்காமல் வைத்துவிடுங்கள். புதிய அறுவடையாக வாங்கி, 8–10 டிகிரி செல்சியஸில் குடியுங்கள். சேமித்து வைத்தால் மணம்தான் போகும்.