கேபிளின் மேலேயே எழுதிவிடுங்கள்

பத்து வருடப் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்ந்து 200 ஜிபி இருக்கும். புதிதாக வாங்கிய எக்ஸ்டெர்னல் எஸ்எஸ்டியில் (லேப்டாப்புக்கு வெளியே கேபிளில் செருகும் வேகமான சேமிப்புக் கருவி) அதைப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம் என்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். திரையில் பச்சைக் கோடு நகரவே இல்லை. நொடிக்கு 38 எம்பி. இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று காட்டியது.

முதல் சந்தேகம் எஸ்எஸ்டி மேல்தான். ஏமாந்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொண்டது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். வேறு போர்ட்டில் செருகிப் பார்த்தேன். அப்புறம் எஸ்எஸ்டி வந்த அட்டைப்பெட்டியைத் திறந்தால், அடியில் சாண் நீளத்துக்கு ஒரு குட்டிக் கேபிள். நான் செருகியிருந்ததோ போன் சார்ஜரோடு வந்த கேபிள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முனைகள் அச்சு அசல் ஒன்றுதான். மாற்றிப் போட்டதும் வேகம் 400 எம்பியைத் தாண்டியது. எட்டு நிமிடத்தில் வேலை முடிந்தது.

காரணம் ரொம்பச் சாதாரணம். போனோடு வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 தான். அது 2000-ல் வந்த தரம். நொடிக்கு 480 மெகாபிட், அதாவது எட்டு பிட் ஒரு பைட் என்ற கணக்குப்படி 60 எம்பி. கைக்குக் கிடைப்பது 35, 40. டைப்-சி முனையில் 24 பின்கள் (மின் இணைப்புப் புள்ளிகள்) இருந்தாலும், வேகமாக டேட்டா கடத்தும் கம்பிகளை இந்த மாதிரிக் கேபிளில் போடுவதே இல்லை. மானிட்டருக்குப் படம் போவதும் அந்தக் கம்பிகள் வழியாகத்தான். சார்ஜ் கேபிளை மானிட்டரில் செருகிவிட்டு மானிட்டர் போச்சு என்று பதறுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சார்ஜ் விஷயத்திலும் இதே கதை. நண்பர் ஒருவர் 100 வாட் சார்ஜர் வாங்கியும் லேப்டாப் மெதுவாகத்தான் ஏறுகிறது என்று இன்னொரு சார்ஜர் வாங்கக் கிளம்பிவிட்டார். 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமானால் கேபிளுக்குள் ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். 'நான் 5 ஆம்பியர் தாங்குவேன்' என்று சார்ஜரிடம் சொல்வது அதுதான். சிப் இல்லையென்றால் சார்ஜர் 3 ஆம்பியரோடு நின்றுவிடும். இது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த சிப் இருக்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து பார்த்து எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர்களைப் பார்த்தாவது புரிந்துகொள்ளலாம் என்றால் அதுவும் முடியாது. 2008-ல் யுஎஸ்பி 3.0 என்று வந்தது. பிறகு அதையே 3.1 ஜென் 1 என்றார்கள். அதற்கும் பிறகு 3.2 ஜென் 1. மூன்றும் அதே 5 ஜிகாபிட் வேகம்தான். காசு கொடுத்து வாங்குபவர்களை இப்படிக் குழப்புவது நியாயமே இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒரே முனை என்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். மைக்ரோ யுஎஸ்பியை இருட்டில் திருப்பித் திருப்பிச் செருகிய காலம் திரும்ப வேண்டாம். ஆனால் முனை ஒன்றாகிவிட்ட பிறகுதான், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுவது கட்டாயமாகிறது. யுஎஸ்பி தரத்தை வகுக்கும் அமைப்பிடம் வேகத்தையும் வாட்டையும் காட்டும் முத்திரைகள் இருக்கின்றன. சான்றிதழ் வாங்காமலே விற்கப்படும் கேபிள்களில் அவை இருக்காது. கம்பெனி லோகோ அச்சடிக்க முனையில் இடம் இருக்கிறதே, '10 ஜிகாபிட், 100 வாட்' என்று போட இடம் இல்லாமலா போய்விடும்?

அன்று ராத்திரியே டிராயரில் இருந்த கேபிள்களையெல்லாம் எடுத்து, ஒரே ஃபைலை ஒவ்வொன்றிலும் காப்பி செய்து பார்த்தேன். பதினொன்றில் மூன்றுதான் வேகமானவை. வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் வேகத்தை எழுதி வைத்திருக்கிறேன். இப்போது வீட்டில் யார் கேபிள் எடுத்தாலும் முதலில் டேப்பைத்தான் பார்க்கிறார்கள்.