உப்பு விஷயம் வெளியே போகக்கூடாது

தென்காசி. மாலை நேரம். திண்ணையில் தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவும், லீவுக்கு வந்திருக்கும் தம்பி மகள் காயத்ரியும். பெரியம்மா கோயிலுக்குப் போயிருக்கிறார். இந்தப் பேச்சு நடப்பதற்கே அதுதான் காரணம்.

பெரியப்பா: காயத்ரி, போனிலேயே டைரி எழுத ஆப் இருக்கிறதாமே? ஒன்று போட்டுக் கொடும்மா.

காயத்ரி: ஏகப்பட்டது இருக்கிறது, பெரியப்பா. உங்களுக்கு என்னென்ன வேண்டும்?

பெரியப்பா: பூட்டு வேண்டும்.

காயத்ரி: அப்புறம்?

பெரியப்பா: நல்ல பூட்டாக வேண்டும்.

காயத்ரி: அப்படி என்னதான் எழுதப் போகிறீர்கள்?

பெரியப்பா: (வாசலைப் பார்த்துக்கொண்டு) நடந்ததைத்தான். "காலையில் மழை. கரண்ட் இல்லை. மதியம் வத்தக்குழம்பு, உப்பு கூடுதல்." அந்தக் கடைசி வரிக்குத்தான் பூட்டு.

காயத்ரி: ஒரு நோட்டு வாங்கி ஒளித்து வைத்தால் போதுமே?

பெரியப்பா: வைத்தேனே. பால் கணக்கு எழுத இடம் தேடி உன் பெரியம்மா அதை எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் மூன்று நாள் எந்தக் குழம்பிலும் உப்பே இல்லை. கேட்கவும் முடியவில்லை.

காயத்ரி: சரி, கைரேகைப் பூட்டு உள்ளதாகப் பார்ப்போம்.

பெரியப்பா: வேண்டாம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. கை கட்டிலுக்கு வெளியேதான் தொங்கும். அவளுக்கு விரல் தேடுகிற வேலைகூடக் கிடையாது.

காயத்ரி: அப்படியானால் எண் பூட்டு. இப்போது ஆப்பைப் பார்ப்போம். ஆப்பிள் 2023 டிசம்பரில் ஜர்னல் என்று ஒன்றை ஐபோனுக்குள்ளேயே இலவசமாகக் கொடுத்தது.

பெரியப்பா: என்னுடையது ஐபோனா?

காயத்ரி: இல்லை.

பெரியப்பா: பிறகு ஏன் இலவசம் என்று சொல்லி ஆசை காட்டுகிறாய்?

காயத்ரி: சரி, டே ஒன். 2011-லிருந்து இருக்கிறது. 2021-ல் ஆட்டோமேட்டிக் கம்பெனி வாங்கியது, வேர்ட்பிரஸ்.காம் நடத்துகிறவர்கள். எழுதியதைப் பூட்டித்தான் அவர்கள் சர்வருக்கே அனுப்பும். சாவி உங்களிடம் இருக்கும். அவர்களே நினைத்தாலும் படிக்க முடியாது.

பெரியப்பா: சாவியைத் தொலைத்துவிட்டால்?

காயத்ரி: உங்களாலும் படிக்க முடியாது.

பெரியப்பா: எங்கள் ஆபீஸ் ரெக்கார்டு ரூம் பீரோ மாதிரி.

காயத்ரி: பீரோவையாவது ஆள் வைத்து உடைக்கலாம். இதற்கு ஆளே கிடையாது. இன்னொரு வசதியும் இருக்கிறது. எழுதும்போது அங்கே வெயிலா மழையா, நீங்கள் எந்த இடத்தில் இருக்கிறீர்கள், எல்லாவற்றையும் அதுவே குறித்துக்கொள்ளும்.

பெரியப்பா: எந்த இடமாக இருந்தாலுமா?

காயத்ரி: ஆமாம். காசி விஸ்வநாதர் கோயில் என்றால் கோயில்.

பெரியப்பா: கோயிலுக்குப் போகிற வழியில் பஜ்ஜிக் கடை என்றால்?

காயத்ரி: பெரியப்பா! சுகர் டாக்டர் என்ன சொன்னார்?

பெரியப்பா: அவர் சொன்னதையும் டைரியில் எழுதத்தான் போகிறேன். இடம் குறிக்கிறதை அணைக்க முடியுமா?

காயத்ரி: முடியும். எந்த ஆப்பிலும் இருப்பிட அனுமதி கேட்டால் மறுத்துவிடலாம். ஆனால் போட்டோ சேர்த்தால் கவனம். அதற்குள்ளேயே இடம் பதிந்திருக்கலாம்.

பெரியப்பா: பஜ்ஜியைப் போட்டோ எடுக்கிற அளவுக்கு நான் விவரம் கெட்டவன் இல்லை.

(அடுத்துப் பார்த்த ஆப் ஒன்று, "இன்று எதற்காக நன்றி சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்டது. "கரண்ட் வந்ததற்கு" என்றார் பெரியப்பா. எழுதாத நாளில் மணியடித்து நினைவூட்டும் என்றது. "ஓய்வுபெற்ற பிறகும் வருகைப் பதிவேடா?" என்று அவரே அதை அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. டைரி எழுதுகிறவனைப் பள்ளிக்கூடத்துப் பையனாக நடத்துகிற ஆப்கள் நிறையவே இருக்கின்றன.)

காயத்ரி: ஜர்னி என்று ஒன்று. எழுதியதை உங்கள் கூகுள் டிரைவிலேயே சேமிக்கலாம்.

பெரியப்பா: என் கூகுள் கணக்கை என் பையன்தான் பெங்களூரிலிருந்து ஆரம்பித்துக் கொடுத்தான். பாஸ்வேர்டு அவனிடம்தான் இருக்கிறது.

காயத்ரி: அப்படியானால் பூட்டை வீட்டுக்குள் போட்டுவிட்டு பெங்களூரில் கதவைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

பெரியப்பா: அவன் அம்மா பிள்ளை வேறு. உடனே மாற்று.

காயத்ரி: எழுதியதை வெளியே எடுக்க முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். ஆப் நாளைக்கு நின்றுபோனால் உங்கள் டைரியும் அதோடு போய்விடக்கூடாது.

பெரியப்பா: அந்த அடி ஏற்கெனவே பட்டாயிற்று. 2004-ல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பாமினி ஃபாண்டில் ஒரு வருஷ டைரியை அடித்து சிடியில் போட்டு வைத்தேன். போன மாதம் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது.

காயத்ரி: ஃபாண்ட் இல்லாவிட்டால் பாமினி அப்படித்தான் தெரியும். எல்லாப் போனிலும் படிக்க முடிகிற யூனிகோடு எழுத்துக்கு மாற்றினால் தமிழ் திரும்பிவிடும்.

பெரியப்பா: வேண்டாம், அப்படியே இருக்கட்டும். இத்தனை வருஷத்தில் உன் பெரியம்மா படிக்காத ஒரே டைரி அதுதான்.

காயத்ரி: இப்போது எல்லா ஆப்பும் யூனிகோடுதான். ஆனாலும் வேர்டு ஃபைலாகவோ வெறும் டெக்ஸ்டாகவோ எடுக்க முடிந்தால்தான் நல்லது. பின்னால் யாராவது படிக்க வேண்டாமா?

பெரியப்பா: வேண்டும்தான். ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் 1736-லிருந்து 1761 வரை எழுதினார். பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்கு துபாஷ், அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவர். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன பேசினார்கள், ஒன்று விடவில்லை. 1846-ல் கண்டெடுத்து, இன்றைக்கும் படிக்கிறார்கள்.

காயத்ரி: அவர் ஆறு இலக்க எண் போட்டுப் பூட்டியிருந்தால்?

பெரியப்பா: அவருக்கு என்ன பயம்? கவர்னரைப் பற்றித்தானே எழுதினார்.

காயத்ரி: சரி, இதோ டயரியம். ஆண்ட்ராய்டில் உண்டு, எண் பூட்டு உண்டு, வேர்டிலும் டெக்ஸ்டிலும் வெளியே எடுக்கலாம். கூடுதல் வசதி வேண்டுமென்றால் ஒரே தடவை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை.

பெரியப்பா: சந்தா இல்லையா? போடு, போடு. அது சரி, கேட்கிற எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் வைத்திருக்கிறாயே. எப்போது படித்தாய்?

காயத்ரி: போன வாரம்தான் இன்னொருவருக்குப் போட்டுக் கொடுத்தேன்.

பெரியப்பா: யாருக்கு?

காயத்ரி: (கோயில் இருக்கும் பக்கம் பார்க்கிறாள்.)

பெரியப்பா: அவளுக்கா? அவள் எழுத என்ன இருக்கிறது?

காயத்ரி: தெரியாது. பூட்டியிருக்கிறது.

பெரியப்பா: அவளும் மதியம் தூங்குகிறவள்தானே?

காயத்ரி: பெரியம்மாவும் கைரேகை வேண்டாம் என்றுவிட்டார்கள். எண்தான். கல்யாணத் தேதியை வைத்தார்கள். வீட்டில் எல்லாருக்கும் தெரியுமே, பாதுகாப்பு இல்லையே என்றேன். "உன் பெரியப்பாவுக்குத் தெரியாது, தைரியமாகப் போடு" என்றார்கள்.

பெரியப்பா: என்ன பேச்சு இது? எனக்கா தெரியாது? வைகாசி மாதம். காலை முகூர்த்தம். பந்தியில் அவியல் பிரமாதம். ரசத்தில் மட்டும் உப்பு போதவில்லை.

காயத்ரி: ஆறு இலக்கம், பெரியப்பா.

பெரியப்பா: பொறு, ரசம் வரைக்கும் வந்துவிட்டேன் அல்லவா?